எதிர்வீட்டுப் பெண் ஜெர்மனி கிளம்புகிறாள்

சயான் கோலிவாடா, மும்பை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். உன் அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. போனில் ஆரம்பித்தால் பாதியில் "மீட்டிங்மா" என்று ஓடிவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் நீ கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. அங்கே ஜெர்மனியில், ரயிலில் யாரோ வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பற்றி உன் காதுபட முணுமுணுத்திருக்கிறார். இங்கே கல்யாண வீட்டில் உன் பெரியப்பா, "நம்ம காசுல படிச்சிட்டு வெள்ளைக்காரனுக்கு உழைக்குதுக" என்று சொன்னது உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "அப்ப நான் யாருக்கும்மா வேண்டியவ?" என்றாய். பேங்கில் வெளிநாட்டுப் பணப் பிரிவிலேயே தலை நரைத்தவள் நான். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. 2021-ல் உன் விசாவுக்காக ஒரு வருஷச் செலவு என்று 10,332 யூரோவை ஜெர்மன் கணக்கில் முடக்கி வைத்தோம். நீ அங்கே ஒரு காசு சம்பாதிக்கும் முன் இங்கிருந்து போன பணம் அது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்ஜினியரிங் வரை ஆனது தனி. வளர்த்துக் கொடுக்கிற செலவு நமக்கு, வரி வசூல் அவர்களுக்கு. இதில் எனக்கும் வருத்தம் உண்டு.

மீதிப் பாதி பெரியப்பாவுக்கு ஞாபகம் இருக்காது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கிருந்த நம் ஆட்கள் 1,70,000 பேருக்கு மேல் நாடு திரும்பினார்கள். பெரும்பாலோர் ஜோர்டானுக்கு வந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாயில் வந்து இறங்கினார்கள். தூத்துக்குடிக்காரர் ஒருவர் எங்கள் கவுண்டருக்கு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே குவைத் தினார் நோட்டுகள், வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மாற்றிக்கொடுக்க எங்களுக்கு வழியில்லை. "போன மாசம் வரைக்கும் பணமாத்தானம்மா இருந்துச்சு" என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வரும் பணம் தடைப்பட்டது, வெளிநாட்டு இந்தியர்கள் டெபாசிட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். அரசாங்கத்தின் பழைய கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரிக்க, 1991-ல் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்திடமும் ஜப்பானிடமும் அடகு வைத்தது. எங்கோ ஒரு பாலைவனத்தில் நடந்த சண்டை நம் பெட்டித் தங்கம் வரை வந்துவிட்டது. வெளிநாட்டில் நம் ஆள் இருந்தால் அங்கே மழை பெய்தால் இங்கே ஒழுகும். அதையும் சேர்த்துத்தான் உறவு என்கிறேன்.

1998-ல் அணுகுண்டுச் சோதனைக்காக நம் மேல் பொருளாதாரத் தடை போட்டார்களே, அப்போது ஸ்டேட் பேங்க் ரிசர்ஜென்ட் இந்தியா பாண்ட் என்று ஒரு கடன்பத்திரம் வெளியிட்டது. வெளிநாட்டு இந்தியர்கள் 420 கோடி டாலர் போட்டார்கள். தேசபக்தி என்று பேப்பரில் எழுதினார்கள். டாலருக்கு 7.75 சதவீத வட்டி என்பதையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம்! 2013-ல் ரூபாய் சரிந்தபோதும் அவர்களுடைய டெபாசிட்தான் கைகொடுத்தது, சுமார் 2,600 கோடி டாலர். 2024-ல் வெளிநாடுகளிலிருந்து வீட்டுக்கு வந்த பணம் 12,900 கோடி டாலர் அளவுக்கு இருக்கும் என்று கணக்கிட்டது உலக வங்கி. உலகத்திலேயே நமக்குத்தான் அதிகம். நாம் பெருமையடிக்கும் அந்நிய முதலீடுகூட அவ்வளவு வருவதில்லை.

இந்தப் பணம் வருவதில் முன்பெல்லாம் அமீரகம்தான் முதலிடம். ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வில் அமெரிக்கா ஏறக்குறைய 28 சதவீதம், அமீரகம் 19 சதவீதம். இதை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் படித்தவர்கள்தான் நாட்டைத் தாங்குகிறார்கள் என்று உன் நண்பர்கள் பேசினால் சிரித்துவிடாதே, திருத்து. அமெரிக்காவிலிருந்து வருவதில் ஃபிளாட் வாங்குகிறார்கள், ஷேர் வாங்குகிறார்கள். சவுதியில், தம்மாமில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறவன் அனுப்புவதில் அரிசி வாங்குகிறார்கள், கரண்ட் பில் கட்டுகிறார்கள். அது ஒரு மாதம் வராவிட்டால் அடுப்பு எரியாது.

அந்த ஆட்களை நான் சின்ன வயசிலிருந்தே பார்த்தவள். தாராவி 90 அடி ரோட்டில் உன் தாத்தா மெஸ் நடத்தியபோது, விசாவுக்காகக் காத்திருக்கும் திருநெல்வேலிப் பையன்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். மெடிக்கல், எமிக்ரேஷன் கிளியரன்ஸ், ஏஜெண்ட் சொல்லும் "நாளைக்கு" என்று மாதக்கணக்கில் இழுக்கும். சாப்பாடு கடன் நோட்டில் ஏறிக்கொண்டே போகும். துபாய் போய்ச் சேர்ந்த பிறகு டிராஃப்ட் அனுப்பி அடைப்பார்கள், கூடவே "என் மச்சான் வர்றான், பார்த்துக்குங்க" என்று ஒரு வரி இருக்கும். இப்படியே ஒருத்தன் கையைப் பிடித்து அடுத்தவன் போனான். தாத்தாவே பம்பாய்க்கு வந்தது அப்படித்தானே, அவருடைய சித்தப்பா தோல் ஷாப்பில் இருந்ததால்.

அந்த ரயில் ஆசாமிக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஊரில் வயசானவர்கள் பெருகி, வேலைக்கு ஆள் குறைந்து, அவர்கள் அரசாங்கமே 2022-ல் நம்மோடு ஒப்பந்தம் போட்டது. 2024-ல் இந்தியர்களுக்கான திறன்தொழில் விசாவை வருஷத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்கியது. அவர்களுக்கு வேண்டிய ஆள்தான் நீ.

இப்போது நான் எழுத வந்த விஷயம். எதிர்வீட்டு அக்காவின் மகள் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி போகத் துடிக்கிறாள். ஒரு ஏஜெண்ட் நாலு லட்சம் கேட்கிறான், பாதி முன்பணம். நகையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் 1983 எமிக்ரேஷன் சட்டப்படி அரசாங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அரசாங்கத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் ஏஜெண்டின் பெயரைத் தேடிப் பாருங்கள் என்று தலையால் அடித்துச் சொன்னேன். கேரள அரசின் நோர்கா அமைப்பு மூலம் ஜெர்மனி போகும் நர்சுகளிடம் வேலை வாங்கித் தரக் கட்டணமே வாங்குவதில்லை என்றும் சொன்னேன். "உங்களுக்கு பேங்க் விஷயம்தான் தெரியும்" என்கிறாள் அக்கா.

நீ சொன்னால் கேட்பார்கள். நர்ஸ் வேலைக்கு ஜெர்மன் மொழியில் பி1, பி2 என்று எந்த நிலை வரை படிக்க வேண்டும், நம் படிப்பை அங்கே அங்கீகரிக்கும் வரை உதவியாளர் சம்பளம்தான், பாஷை தெரியாமல் முதல் குளிர்காலம் எப்படிப் போகும், எல்லாவற்றையும் உள்ளபடி சொல். பயமுறுத்த வேண்டாம், சர்க்கரை தடவவும் வேண்டாம். பெரியப்பாவுக்குப் பதில் தேடுவதை விட்டு இந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் கொடு. ஏஜெண்ட் காட்டுகிற வேலை ஒப்பந்தத்தை வாங்கி உனக்கு அனுப்பச் சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரி நிஜமாகவே இருக்கிறதா, அதில் எழுதிய சம்பளம் அங்கே வழக்கமானதுதானா என்று பார்.

சனிக்கிழமை அவளுக்கு டியூட்டி இல்லை. நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். போனை முதலில் அவள் அம்மாதான் எடுப்பாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், அங்கே அரிசி கிடைக்குமா, பெண்பிள்ளை தனியாகத் தங்கலாமா என்றுதான் அரைமணி நேரம் கேட்பாள். மீட்டிங் என்று வைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா