பாப்பாவின் பள்ளி மலர்

சென்னை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. புகையில் நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உன் மகள் பாப்பாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவளுடைய விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வகுப்பில் ஒரு பள்ளி இதழை வடிவமைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டை, பொருளடக்கப் பக்கம், நடுப்பக்கம் இவ்வளவும் வேண்டும். படங்கள் எல்லாம் சொந்தமாக எடுத்தவையாக இருக்க வேண்டும். அவள் நீ வேலை பார்க்கிற பள்ளியையே எடுத்துக்கொண்டாள். அவள் படித்த இடமாயிற்றே! லே-அவுட்டில், அதாவது பக்க வடிவமைப்பில், முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்று என்னைத் தேடி வந்துவிட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

கையில் உங்கள் பழைய ஆண்டு மலரையும் கொண்டுவந்திருந்தாள். இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். நீ வருத்தப்படாதே, நம் ஊர்ப் பள்ளி மலர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. முதலில் வாழ்த்துரை, அடுத்து வாழ்த்துரை, ஆளுக்கொரு முழுப் பக்கம், பாஸ்போர்ட் படம். பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் கடைசியில், பக்கத்துக்கு ஆறு, தபால்தலை அளவில். கவிதை எழுதிய பையன் பெயர் எட்டு பாயிண்ட் பொடி எழுத்தில். "மாமா, இதை யார் படிப்பாங்க?" என்று கேட்டாள். வடிவமைப்பு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. எழுத்துரு, கலர் எல்லாம் அதற்குப் பிறகுதான். தன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்காகத்தான் இந்த இதழ் என்று முடிவு செய்தோம். வாழ்த்துரைகள் அத்தனையும் ஒரே பக்கத்துக்குப் போய்விட்டன. அதில் உனக்குச் சங்கடம் வரலாம், தெரியும். ஆனாலும் அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அட்டைக்கு முதலில் இணையத்திலிருந்து சிரிக்கிற குழந்தைகள் படம் ஒன்று எடுத்து வைத்திருந்தாள். வேறு நாட்டுப் பிள்ளைகள், வேறு சீருடை. அதை எடுத்துவிட்டு, காலையில் கரும்பலகையில் குறள் எழுதுகிற ஏழாம் வகுப்புப் பெண்ணைப் படம் எடுத்துவந்தாள். பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறாள். இடுப்புக்கு மேலே தெரிகிற மாதிரி, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம். விரல் நுனியில் சாக்பீஸ் தூள் அப்படியே தெரிகிறது. தலைக்கு மேலே கரும்பலகை இருட்டாக இருப்பதால் இதழின் பெயரை வெள்ளையில் போட்டால் பளிச்சென்று உட்காருகிறது. அந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான் எடுத்தேன் என்றாள். கண் இருக்கிறது அவளுக்கு.

பெயர் 'பொழில்'. போட்டோஷாப்பில் அடித்ததும் எழுத்து உடைந்தது. ஒற்றைக்கொம்பு 'ப'வுக்கு முன்னால் போகாமல் பின்னால் போய் நின்றது. பிள்ளை பயந்துவிட்டாள். மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது. பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளிலும் இதே மாதிரி ஒரு தேர்வு உண்டு. நாங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் காலம் தள்ளினோம். இப்போது முக்தா மலர், கேடமரன் என்று நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவள் தலைப்புக்குக் கேடமரனையும் உள்ளே முக்தா மலரையும் வைத்தாள். ரெண்டே போதும், மூன்றாவது வேண்டாம் என்றேன்.

அவளுடைய பாடக் குறிப்புகள் எல்லாம் ஆங்கில இதழ்களை வைத்து எழுதியவை. தலைப்பைக் கேப்பிடல் எழுத்தில் போடு என்கிறார்கள். தமிழில் அதற்கு வழி ஏது? தடிமனும் அளவும் வெற்றிடமும்தான் நமக்கு. 'ழி'யைப் பார், மேலே சுழி போகிறது, கீழே வால் இறங்குகிறது. பக்கத்தின் உச்சியில் ஒட்டிவைத்தால் வெட்டும்போது சுழி போய்விடும். உள்பக்கத்திலும் இதே கதைதான். பன்னிரண்டு பாயிண்ட் எழுத்துக்குக் குறைந்தது பதினாறு பாயிண்ட் வரி இடைவெளி கொடுத்தால்தான் மேல்வரியின் வால் கீழ்வரியின் சுழியை இடிக்காது. ஏ4 பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, இரண்டு ஓரமும் நேராக வரும்படி அடித்திருந்தாள். 'விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால் அடுத்த வரிக்குத் தாவிவிடும்; மேல்வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகலாம். இரண்டு பத்தியாக்கி, வலது ஓரத்தை அதன் போக்கில் விடச் சொன்னேன். பக்கம் மூச்சுவிட்டது.

நடுப்பக்கத்தை நீ பார்க்க வேண்டும். ஒரே ஓவியம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. எட்டாம் வகுப்புப் பையன் வரைந்த கண்மாய். முதலில் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்திருந்தாள். அது சுருங்கி வருமே, அச்சில் கட்டம் கட்டமாகத் தெரியும். அசலை வரவழைத்து 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தோம். பின் அடிக்கிற மடிப்பு சரியாகக் கரைமேல் வருகிறது, மரமோ ஆளோ நடுவில் வெட்டுப்படவில்லை. திரையில் தெரிகிற அந்த நீலம் அச்சில் கொஞ்சம் மங்கும் என்பதை மட்டும் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

பள்ளிக்கல்வித் துறை கொண்டுவருகிற 'தேன்சிட்டு' மாணவர் இதழ் உங்கள் நூலகத்துக்கு வருமே, அதையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார். எந்தப் பக்கத்தில் அவர்கள் நிற்கிறார்கள், எதைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள் என்று கவனித்தால் உனக்கே பல விஷயம் பிடிபடும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். மலர்க் குழுவில் நீதானே பொறுப்பாசிரியர்? இந்த வருஷ மலரைப் பாப்பாவின் வடிவமைப்பிலேயே அடியுங்கள். மதிப்பெண் வாங்கியதோடு இது பீரோவுக்குள் போகக் கூடாது. உள்ளே 32 பக்கம் வைத்தால் பதினாறு பக்க ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அடித்து மடிக்கிற தொகுப்பு) இரண்டு, அட்டை தனி. ஒரு பக்கம் கூடுதல் வேண்டும் என்று கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடியாது. கூட்டினாலும் குறைத்தாலும் நான்கு நான்காகத்தான். செலவு இடித்தால் அட்டையையும் நடுத்தாளையும் மட்டும் கலரில் வைத்துக்கொண்டு மற்றதைக் கறுப்பு வெள்ளையில் அடிக்கலாம். சிவகாசியில் எனக்குப் பழக்கமான அச்சகம் இருக்கிறது, நான் பேசுகிறேன்.

பொங்கல் லீவுக்கு வரும்போது டம்மியை, அதாவது மாதிரிப் பிரதியை, அவளே கொண்டுவருவாள். அவளையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் போய்ப் பார். வாழ்த்துரை விஷயத்தை நீ பேசு, மற்றதை அவள் பேசிக்கொள்வாள். எத்தனை பிரதி என்று தெரிந்ததும் எழுது. பேப்பர் விலையை விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்