ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள்,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூன்று தரம் கேட்டேன். அங்கே கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகத் தொடங்கி ஆறு மாதமாகிறது, பூசை முடிந்ததும் எல்லாரும் சிரிக்கிறார்கள், சுகமா என்று கேட்கிறார்கள், அப்புறம் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள், நான் இன்னும் விருந்தாளி போலத்தான் இருக்கிறேன் அம்மா என்றாயே, அது நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறது. இனிப் போவதில்லை என்று முடிவெடுக்க முன்னம் இதை வாசி.

நான் களுவாஞ்சிகுடியில் சைவ வீட்டில் பிறந்து, ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் தீர்த்தமாடி வளர்ந்தவள் என்று உனக்குத் தெரியும். ஞானஸ்நானம் எடுத்து, அப்பாவைக் கட்டி, மட்டக்களப்பு டவுனுக்கு வந்த முதல் இரண்டு வருஷம் எப்படி இருந்தது என்று மட்டும் சொன்னதே இல்லை. யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. ஆனால் எப்போது முழந்தாளிடுவது, எப்போது எழும்புவது என்று பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வேன். பூசை முடிந்து பெண்கள் வட்டமாக நின்று கதைக்கிற நேரம் நான் குடையை மடிப்பதும் விரிப்பதுமாக நிற்பேன். "புதுசா வந்தவ" என்பதுதான் இரண்டு வருஷமும் என் பேர்.

மறுகா ஒருநாள் கடற்கரைப் பக்கம் டச்பாரிலிருந்து வருகிற பறங்கி அன்ரி ஒருவர் என் கையில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்தார். பீடத் துணி. "கழுவி, கஞ்சி போட்டு, சனிக்கிழமை கொண்டு வா" என்றார், அவ்வளவுதான். உனக்குத் தெரியுமா, முடியுமா என்று எதுவும் கேட்கவில்லை. சோற்றுக் கஞ்சியை மெல்லிய துணியில் இரண்டு தரம் வடித்து, ஒரு சொட்டு நீலம் விட்டு, அரைவாசி காய்ந்ததும் எடுத்துச் சிரட்டைக் கரிப் பெட்டியால் தேய்த்தேன். கை நடுங்கி, லேஸ் ஓரத்தில் நகம் அளவு கருகிவிட்டது. அன்றிரவு நித்திரையே இல்லை. சனிக்கிழமை அழுதுகொண்டு கொடுத்தேன். அன்ரி அந்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கருகின பக்கம் சுவரோடு வருகிற மாதிரி பீடத்தில் விரித்தார். பிறகு அடுத்த கிழமைத் துணியையும் என்னிடமே தந்தார்.

அவருடைய ஆட்கள் 1628 இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டிய காலத்துப் பரம்பரை. "எங்களையே இன்னும் வந்த ஆக்கள் என்றுதானே பார்க்கினம், நீ இரண்டு வருஷத்துக்கு அழுறாய்" என்று ஒருநாள் சொன்னார். 2004 சுனாமி டச்பாரில் எத்தனையோ பறங்கிக் குடும்பங்களைக் கொண்டுபோனது, அவரையும்தான். இன்றைக்கும் பீடத் துணி மடிக்கும்போது அவர் மடித்த விதமாகத்தான் மடிக்கிறேன்.

அதனால் மகள், அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திராதே. கதிரை அடுக்கவோ, தேத்தண்ணி போடவோ, சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவோ ஒரு வேலை கேள். பிழை உன்னுடையது என்று சொல்ல வரவில்லை, பிழை அவர்களுடையதுதான், ஆறு மாதமாக ஒரு பிள்ளை தனியே வந்து போவதைப் பார்த்தும் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கூப்பிடாதது பெரிய பிழை. ஆனாலும் கேள்.

இங்கேயும் எல்லாம் சரி என்று நினையாதே. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் செத்த பிறகு எங்கள் வாசலிலும் பை சோதித்தார்கள். புது முகம் என்றால் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையைப் பார்த்த கையோடு பேரையும் கேட்டு, பக்கத்தில் இருத்தலாமே.

ஓட்டிசம் உள்ள பெடியன் ஒருவன் தாயோடு வருவான். பிரசங்க நேரத்தில் சத்தம் போடுவான், ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், தாய் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பூசை காண்பாள். ஒரு வருஷம் அப்படி நின்றாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் ஃபாதரிடம் போய்க் கேட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது பாட்டுப் புத்தகம் கொடுப்பது அவன் வேலை. சிலருக்கு இரண்டு கொடுப்பான், வாங்கிக்கொள்வார்கள். போன ஞாயிறு காய்ச்சல் என்று அவன் வரவில்லை, உள்ளே வந்த ஆட்களெல்லாம் புத்தகத்தைத் தாங்களே எடுக்காமல் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செப்டம்பரில் ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு நடந்து போகிறோம், சதாசகாய மாதாவிடம் உன் பேரையும் சொல்லுவேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் போன் எடு. என்ன வேலை தந்தார்கள் என்று சொல்லு. இங்கே இரவாகியிருக்கும், பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அம்மா