வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொன்னவர்களுக்கு நன்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் வட்டாரத்தில் குடியை நிறுத்த நினைப்பவர்கள் போகக்கூடிய கூட்டங்களின் பட்டியல் அச்சாகி, சில கோயில் அலுவலகங்களிலும் கடைகளிலும் வைக்கப்பட்டிருக்கிறது. ஒற்றைத் தாள்தான். அதில் கிழமை, நேரம், வாசல் மூன்றும் சரியாக இருக்கப் பலர் உழைத்திருக்கிறார்கள். யாரும் பெயர் போட வேண்டாம் என்றார்கள். ஆகவே அவர்கள் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதலில், போனைக் கையில் எடுத்தவர்களுக்கு. இணையத்தில் தேடினால் என்றோ கலைந்துபோன குழுவின் முகவரியும் வரும், வேறு ஊர்க் கூட்டமும் வரும். இந்தக் கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் சுருக்கப் பெயரான ‘ஏஏ’வை மட்டும் போட்டால், இந்த நாட்டில் அதே சுருக்கப் பெயர் கொண்ட, வழியில் நின்றுபோன காருக்கு உதவுகிறவர்கள்தான் முன்னால் வந்து நிற்பார்கள்! அதனால் நீங்கள் ஒவ்வொரு குழுவைப் பற்றியும் இரண்டு இடத்தில் விசாரித்தீர்கள்: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் உதவி எண்ணில் ஒருமுறை, கூடத்தின் சாவி வைத்திருப்பவரிடம் ஒருமுறை. குழுக்காரருக்குக் கிழமை தெரியும். எந்தக் கேட் திறந்திருக்கும் என்பது சாவிக்காரருக்குத்தான் தெரியும். பெரும்பாலான கூட்டங்கள் தேவாலயக் கூடங்களில், பக்கத்துத் தெருவைப் பார்த்த கதவு வழியாக நடக்கின்றன. கரண்ட் போனால் கேட்டில் மணி அடிக்காது. பெரிய வெள்ளி வாரத்தில் கூடம் தேவாலயத்துக்கே வேண்டியிருக்கும், கூட்டம் இடம் மாறும். துணிந்து முதல்முறை வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த வாரமும் வருவார் என்று நம்புவது கஷ்டம்.

கூடம் கொடுத்த தேவாலயங்களுக்கும் நன்றி. “அங்கே போனால் மதம் மாற்றிவிடுவார்களா?” என்று ஆயாக்கள் கேட்கிறார்கள். இல்லை. கூட்டத்தில் உறுப்பினர்கள் கூடையில் போடும் காசிலிருந்து குழு கூடத்துக்கு வாடகை கொடுக்கிறது, வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. முதல்முறை வருகிறவர் கூடையில் எதுவும் போட வேண்டாம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குச்சந்தைக்காரர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் தொடங்கிய இயக்கம் இது. குடியிலிருந்து மீள அது சொல்லும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, ஆனால் அவரவர் அறிந்தபடியான கடவுள் என்றுதான். முடிவில் எல்லாரும் பிரார்த்தனை சொல்லும்போது மனசுக்குள் “முருகா” என்றால் ஒருவரும் ஆட்சேபிப்பதில்லை.

குழு உறுப்பினர்களுக்கு ஒரு தனி நன்றி, பட்டியலில் ‘திறந்த கூட்டம்’, ‘மூடிய கூட்டம்’ என்று பிரித்துக் குறித்துக் கொடுத்ததற்கு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், யார் வேண்டுமானாலும் கூட வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புபவருக்கு மட்டும். துணைக்கு வந்தவர் காரில் காத்திருக்க வேண்டியதுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் குடும்பமாக வந்து, கதவருகே சங்கடப்பட்டுப் போனவர்கள் உண்டு. உள்ளே முதல் பெயர் போதும். பேசும் முறை வரும்போது “இன்றைக்குக் கேட்க வந்தேன்” என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். பத்து நிமிடம் முன்னால் போய், தேநீர் மேசைப் பக்கம் நிற்பவரிடம் “புதிது” என்று சொல்வது நல்லது. வீட்டாருக்கென்றே இருக்கும் அல்-அனான் கூட்டங்களையும் தாளின் பின்பக்கம் சேர்க்கச் சொன்னது உறுப்பினர் ஒருவரின் மனைவிதான். நாங்கள் யோசிக்காத விஷயம் அது.

இனி, மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் டாக்டர்களுக்கும். தாளின் மேலே கட்டம் கட்டிப் போட்ட எச்சரிக்கை உங்களுடையது. நம் வீடுகளில் புரட்டாசி வந்தால் கறியோடு ‘கேன்’ எனும் கரும்புச் சாராய பாட்டிலும் ஒதுக்கப்படும். காவடிக்குக் கொடியேறினாலும் அப்படித்தான். தினமும் நிறையக் குடிப்பவருக்கு அந்த முதல் நாட்கள்தான் ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, ஆள் நாள் கிழமை புரியாமல் போகலாம். உயிரே போகக்கூடிய கட்டம் அது. சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசி உட்கார வைக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ் எண் 10177க்கு அடிக்க வேண்டும். இப்படிப்பட்டவர் விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்தால், நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்து, மேற்பார்வையில் நிறுத்த வைப்பார்கள். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று இல்லை என்று குழுக்காரர்களே சொல்கிறார்கள். புரட்டாசி முழுக்கத் தொடாமல் இருந்தாரே, அவர் எப்படிக் குடிகாரர் என்று கேட்கும் வீட்டாரும் உண்டு. மாதம் முடிந்த ராத்திரி என்ன நடக்கிறது என்று பாருங்கள், பதில் கிடைக்கும்.

மினிபஸ் டாக்சி ஓட்டும் தம்பிகளே, கூட்டம் எட்டரைக்கு முடிந்தால் எந்தத் தடத்தில் வண்டி கிடைக்கும், எதில் கிடைக்காது என்று நீங்கள் சொன்னதை அப்படியே அச்சிட்டோம். வண்டி இல்லாத இடங்களுக்கு, அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிட முன்வந்த பெரியவர்களுக்கும் நன்றி.

இங்கே கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில்தான் மனம் திறக்கும் என்கிற மூத்தவர்களுக்குச் சென்னைப் பக்கத்து இணையக் கூட்டங்களைத் தேடிக் கொடுத்த இளைஞர்களே, நேரக் கணக்கையும் நீங்களே போட்டுத் தந்தீர்கள். இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 7.30 என்றால் இங்கே மாலை 4. வேலைக்குப் போகிறவருக்கு அது தோதுப்படாது, ஓய்வு பெற்றவருக்குப் பரவாயில்லை. வீடியோவை அணைத்துவிட்டால் டேட்டா குறைவாகப் போகும்.

தாளின் கீழ் மூலையில் சரிபார்த்த மாதம் போட்டிருக்கிறது. மறுபடி ஆடியில், புரட்டாசிக்கு முன்னால், எல்லாக் கூடங்களையும் விசாரிக்கப்போகிறோம். அதற்குள் ஏதாவது மாறியிருந்தால் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். புதுத் தாள் வந்ததும் பழையதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், சுவரில் ஒட்டியதையும் சேர்த்து.