நம் கோவில் பீரோக்களில் இருப்பதைக் காப்பாற்றுங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத் தமிழ்க் கோவில் கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் கப்பல் பதிவேடுகளில் இருக்கின்றன. அந்தப் பதிவேடுகள் கணினியிலும் ஏறிவிட்டதால் பலர் தங்கள் பூர்வீக ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ரொம்ப நல்ல காரியம். ஆனால் அது வெள்ளைக்கார அரசு தன் வசதிக்கு எழுதி வைத்த கணக்கு. நம்மவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது உங்கள் பீரோக்களில்தான் இருக்கிறது: நன்கொடை நோட்டு, கூட்டக் குறிப்பு, திருவிழா நோட்டீஸ், கூத்து வாத்தியார்களின் கையெழுத்துப் பாட்டு நோட்டு.

ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் குடும்பங்களைப் பெயர்த்தது. மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்த டர்பன் நகராட்சித் தொழிலாளர்களும் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் போனார்கள். அக்கம்பக்கமாக இருந்தவர்கள் சிதறிவிட்டார்கள். யார் யாருக்கு அண்டைவீட்டார், யார் எந்தத் திருவிழாவுக்கு அரிசி கொடுத்தார் என்பதெல்லாம் அந்தப் பழைய நோட்டுகளில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

காகிதத்துக்கு நெருப்பும் தண்ணீரும் எமன். 1985இல் டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸில் காந்தியின் வீடே எரிந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். வீடியோ கேசட்டுகள் நிலைமை இன்னும் மோசம். அதை ஓட்டும் கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பான் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டது. பழைய காவடி, கூத்து கேசட்டுகளை இருக்கிற கருவி பழுதாவதற்குள் கணினிக்கு மாற்றியாக வேண்டும்.

ஆனாலும் நான் முதலில் கேட்பது காகிதத்தை அல்ல, நம் பாட்டிகளின் குரலை. மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும்போது பாடுகிற பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எதுவும் எந்த நோட்டிலும் இல்லை. கமிட்டிக் குறிப்புகளில் பெண்கள் பெயரே அபூர்வம். பாட்டி போனால் பாட்டும் போய்விடும். நல்ல செல்போன் ஒன்று, மின்விசிறி நிறுத்திய அறை, பக்கத்தில் அவருக்குப் பழகிய ஒரு பேத்தி, இவ்வளவு போதும். பாடியவர் பெயர், பிறந்த தோட்டம், யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த விவரம் இல்லாத பதிவு, பத்து வருஷம் கழித்து யாருடையது என்றே தெரியாமல் கிடக்கும். வெளியிடலாமா என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும்.

ஸ்கேன் செய்வதோடு வேலை முடியாது. நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. படத்துக்குப் பக்கத்தில் தமிழில் தட்டச்சும் ஆங்கிலத்தில் விளக்கமும் வேண்டும். முனுசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். அத்தனையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும். குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தைக் கேட்டுப் பாருங்கள்.

"கோவில் சொத்தை ஊருக்கெல்லாம் காட்டுவதா?" என்ற தயக்கம் நியாயம்தான். குடும்பச் சண்டை, கடன் விவகாரம் உள்ள பக்கங்களைச் சில காலம் மூடியே வைக்கலாம். அதற்காக மற்றதையும் பூட்டி வைக்காதீர்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். படம் எடுக்கவோ தட்டச்சு செய்யவோ ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள். சனிக்கிழமைகளில் நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு பக்தை