அரை மூட்டை யூரியா

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. நான்தான் இங்கே காளானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சிப்பிக் காளான் விளைச்சல் மந்தமாக இருக்கிறதே என்று, வைக்கோல் ஊறும் தண்ணீரில் யூரியாவைக் கரைத்துவிட்டேன். நெல்லுக்குப் போட்டுப் பழகின கை. நாலாம் நாள் படுக்கையைத் தொட்டால் சூடு, பையைப் பிரித்தால் அம்மோனியா நெடி. அப்புறம் கறுப்பு மை ஒழுகும் களைக்காளான் முளைத்தது. இருபது படுக்கையும் எருக்குழிக்குப் போயிற்று. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதுதான் பொறுக்கவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். காளானுக்கு வேரும் இல்லை, வாயும் இல்லை. அதன் உடம்பே மெல்லிய நூல் போன்ற இழைதான். இழையிலிருந்து நொதியை வெளியே கக்கி, புரதத்தை அங்கேயே அமினோ அமிலமாக உடைத்துத்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சவும் செலவு உண்டு. செல் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி வரும்போது சத்தையும் கூட்டி வருகின்றன.

நீ வேதியியல் டீச்சர், இதைக் கேள். காளானும் பூஞ்சைதான். பொதுவாகப் பூஞ்சைக்குத் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், முதல் பந்தி அம்மோனியமும் குளுட்டமின் என்ற அமினோ அமிலமும்தான். நைட்ரேட் கிடைத்தால் எட்டு எலக்ட்ரான் செலவழித்து அதை அம்மோனியமாக்க வேண்டும். அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையில், குளுட்டமின் தாராளமாக இருக்கும்வரை நைட்ரேட் பக்கத்தில் கிடந்தாலும் அதற்கான மரபணுக்கள் தூங்கும். தீர்ந்தால் ‘ஏரியா’ என்ற புரதம் போய் எழுப்பும் (நம் தெரு ஏரியா இல்லை!). ரொட்டி ஈஸ்டுக்கோ நைட்ரேட்டைத் தொடவே தெரியாது.

ஆக, அம்மோனியம் பிடித்த சாப்பாடுதான். ஆனால் யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது, நான் ஊட்டிய அளவில் இழை வெந்துபோனது.

சிப்பிக் காளான் பிறவியிலேயே பட்டினி பழகியது. பட்டுப்போன மரத்தில் தழைச்சத்து மிகச் சொற்பம், கரிமத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்கு அது என்ன செய்கிறது தெரியுமா? வேட்டையாடுகிறது! 1984இல் தோர்ன், பாரன் என்ற இருவர் எழுதினார்கள்: இழையில் நச்சுத் துளி வைத்திருக்கும், நூற்புழு தொட்டதும் முடங்கும், இழை அதன் வாய்வழியே உள்ளே போய்ச் செரித்துவிடும். இதைத்தான் புரட்டாசி சனிக்கிழமைக்குச் சுத்த சைவம் என்று ஊரெல்லாம் விற்றேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

இப்போது வெறும் வைக்கோல்தான். நேற்று மொட்டு தெரிந்தது. யூரியா அரை மூட்டை மிச்சம் கிடக்கிறது, உன் தென்னைக்கு வேண்டுமா?

அன்புடன்,
மல்லிகா