இந்த முறை நான் வரவில்லை, தம்பி

மதுரை
வைகாசி, 2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ 'நலம்' என்கிறாய், நானும் 'நலம்' என்கிறேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வருவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இந்த வருடம் சித்திரைத் திருவிழாவுக்கும் நீ வரவில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று அம்மா சர்க்கரைச் செம்பின் வாயில் வாழையிலை கட்டிச் சூடம் ஏற்றும்போது உன் பெயரைத்தான் முதலில் சொன்னாள். கூட்டத்தில் உன் வயதுப் பையன் யார் முதுகைப் பார்த்தாலும் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அப்பத்தாவுக்குக் கண் அறுவை முடிந்தது, நன்றாகத் தெரிகிறதாம். சின்ன மாமா விஷயம் பழையபடிதான்.

உன் அறையில் இருக்கும் பையன் போன வாரம் என்னிடம் பேசினான். அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. வெறும் வயிற்றோடு படுத்தால் மனம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும்.

அவன் பேசிய அன்று ராத்திரியே சென்னைக்குக் கிளம்ப நான் பையை எடுத்து வைத்தேன். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, கல்லாவில் இருந்த பணம். அம்மா ஒன்றும் சொல்லாமல் பையைப் பிரித்து, வேட்டிகளைத் திரும்பக் கொடியில் போட்டாள். "நீங்கள் போய் என்ன செய்வீர்கள்? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வீர்கள். அதைத்தானே இத்தனை வருடமும் சொன்னீர்கள்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பாப்பா பிளஸ் ஒன் பரீட்சை எழுதிவிட்டு, லீவில் கடைக்கு வருகிறாள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் காலை வியாபாரம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முகூர்த்த நாளில் எடை போடும் வேலை எனக்கு, சீட்டு எழுதும் வேலை அவளுக்கு. நம் கடைக்குப் பூக் கொண்டுவந்து போடும் செக்கானூரணிப் பெரியவருக்கு மூன்றரைக் கிலோ மல்லியை மூன்று கிலோ என்று எழுதிவிட்டாள். அன்று கிலோ 680. அவரும் எண்ணிப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

ராத்திரி கணக்குப் பார்க்கும்போது அவளே கண்டுபிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது. என் வாயில் அந்த வார்த்தை வந்தே விட்டது, தம்பி. 'விடு, நாளைக்கு நான் கொடுத்துவிடுகிறேன்.' நாக்கைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். "என்ன செய்யப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் எனக்கு முன்பே எழுந்துவிட்டாள். மார்க்கெட் வாசலில் டீக்கடைப் பக்கம் நின்று, மூட்டையோடு வருகிற ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாக்கு அடுக்குக்குப் பின்னால் நின்றேன். அவர் வந்ததும் எதிரே போய், "தாத்தா, நேற்று நான் தப்பாக எழுதிவிட்டேன்" என்றாள். கையில் 340 ரூபாயை மடித்து வைத்திருந்தாள். அதில் நம் கடைக் கமிஷன்கூடப் பிடிக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "அரைக் கிலோவைச் சாப்பிட்டுவிட்டாயா தாயீ" என்று நான்கு பேர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நகராமல் நின்று, அவர் பணத்தை எண்ணி முடித்த பிறகுதான் வந்தாள். அன்று முழுக்க ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இது வந்திருக்காது.

உன்னைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உனக்கு இருந்த கூர்மை அவளுக்குக் கிடையாது. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டிக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியவன் நீ. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. இனிமேல் வேறு ஊர்ப் பூவை நம் பெயரில் விற்கக் கூடாது என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினாய். அந்தத் தாள் பழுத்துவிட்டது. நான் கிழிக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இன்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தயங்குகிறான் என்றால் எனக்குக் கோபம் வராதா? வந்தது. இப்போது இல்லை. யாரிடம் கோபப்படுவது என்று யோசித்ததில் அது என்னிடமே வந்து நின்றுவிட்டது.

பாப்பா வாசலில் நின்றதைப் பார்த்தபோது யானைக்கல்லில் நடந்த விபத்து நினைவுக்கு வந்தது. நம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நான் எடுக்கிறேன்.

2016 தை. பனியில் வரத்துக் குறைந்து பூ விலை ஏறிக் கிடந்த நேரம். கோயில் பக்கத்துக் கடைக்கு உடனே பூ போக வேண்டும் என்று எக்ஸ்எல் வண்டிச் சாவியை உன் கையில் கொடுத்தவன் நான். உனக்குப் பதினைந்து வயது. நீ கேட்கவில்லை, நான்தான் கொடுத்தேன். ட்ரைசைக்கிளில் காய்கறி மூட்டை ஏற்றி வந்தவர் மேல் மோதி, நீ அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாய். நான் வந்து உன்னை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினேன். வண்டி ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்க்க வேண்டும்" என்று நீ வந்து நின்றாய். "அது உன் வேலை இல்லை. பரீட்சையைப் பார். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

அந்த வருடம் முழுக்க நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், அவர் எப்படி இருக்கிறார் என்று. நன்றாக நடக்கிறார் என்றேன். அது பொய். அவருக்கு முழங்கால் மடங்கவே இல்லை. ட்ரைசைக்கிளை விற்றுவிட்டார். செல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதாமாதம் கொஞ்சம் பணம் கொடுத்து வருகிறேன். உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கடையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வரும் ஆவணியில் உனக்கு 25 நிறைகிறது.

உன்னைக் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்தேன். செய்ததற்கு முன்னால் போய் நிற்கும் தைரியம் உனக்கு அன்று இருந்தது. அதை நான்தான் வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அதே பழக்கம். கல்லூரி விண்ணப்பத்தை நான் நிரப்பினேன், அரியருக்குப் பணம் நான் கட்டினேன், சென்னையில் அறைக்கு அட்வான்ஸ் கொடுத்ததும் நான். இப்போது மட்டும் எல்லாவற்றையும் தனியாகத் தாங்கு என்று உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

அதனால் நான் சென்னைக்கு வரவில்லை. பணமும் அனுப்பவில்லை. மனம் கல்லாகிப் போனதால் அல்ல, இதை எழுதும்போதும் கொடியில் கிடக்கும் வேட்டியைத்தான் பார்க்கிறேன். உன் கையில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுது. வீட்டுக்காரரிடம் ஒளியாதே, நேரில் போய் இன்ன தேதிக்குத் தருகிறேன் என்று சொல். ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. முடியாது என்று தோன்றினால், அது எந்த நேரமானாலும் சரி, கூப்பிடு. விடிவதற்குள் நான் எழுந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். நான் எதையும் சரிசெய்ய வரமாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்குப் போய், அன்று வண்டி ஓட்டியது என் பையன் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். "அந்தத் தம்பி ரோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதானே, எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வந்தால் அழைத்து வருகிறேன் என்றேன்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது இங்கே இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன், எனக்கு அது வியாபார நேரம். பாப்பா வருகிறேன் என்கிறாள். செல்லூரில் வீடு எந்தச் சந்து என்று அவளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா