இல்லாத தூணும் நகரும் கற்றையும்: லைடார் கருவி குறித்த புகார்

அனுப்புநர்:
நிர்வாகப் பங்குதாரர்,
நூற்பாலை, பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
விற்பனைக்குப் பிந்தைய சேவைப் பிரிவு மேலாளர்,
லைடார் கருவி தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: சிப் வகை லைடார் கருவி விளக்கக் குறிப்பேட்டின்படி இயங்காதது தொடர்பாக.

ஐயா,

பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலிருந்து, இழுத்துச் சீராக்கும் டிராஃபிரேமுக்கு ஸ்லைவர் (திரிப் பஞ்சு) கேன் கொண்டுபோகும் தானியங்கி வண்டிகளுக்காக, லேசர் கற்றையை வீசி எதிரே என்ன, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் உங்கள் லைடார் கருவியை வாங்கினோம். சுழலும் கண்ணாடி கிடையாது, மோட்டார் கிடையாது, சிப்பிலுள்ள, ஒளியை வெளியே விடும் நுண் ஆன்டெனாக்களின் ஃபேஸை (ஒளி அலை கிளம்பும் நிலையை) மாற்றியே லேசர் கற்றையைத் திருப்புகிறோம், அதனால் குறி தப்பவே தப்பாது என்றார் உங்கள் விற்பனைப் பிரதிநிதி. பழைய கருவியில் பேரிங் போய்ப் போய் அலுத்திருந்த எங்களுக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது.

இப்போது பகல் ஷிப்டில் வண்டி, தான் போய் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் டாக்கிங் பட்டையைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடுகிறது. நேரில் வந்த உங்கள் இன்ஜினியர் லென்ஸைத் துடைத்தார், "மில்லுக்குள்ள பஞ்சு பறக்குது சார், அதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பஞ்சு மூன்று ஷிப்டிலும்தான் பறக்கிறது. ராத்திரி ஷிப்டில் வண்டி ஒழுங்காக ஓடுகிறதே, அது எப்படி?

எங்கள் பிட்டரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து சோதித்தார்கள். 15 மீட்டர் தள்ளிச் சுவரில் ஓர் அங்குல அகலமுள்ள ஒளிபிரதிபலிப்புப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழும் நகர்த்தி, சிக்னல் எங்கே பலமாக வருகிறதோ அங்கே பென்சில் கோடு போட்டார்கள். காலையில் கருவியின் உடல் வெப்பம் 31 டிகிரி, மதியம் 44. இரண்டு கோடுகளுக்கும் இடையே இரண்டு விரல்கடை. பட்டையின் அகலமே அவ்வளவு இல்லை. வெப்பம் ஏறினால் சிப்பிலுள்ள சிலிக்கானின் ஒளிவிலகல் எண் (ஒளியை அது எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.00018 கூடும், 13 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் கற்றை 15 மீட்டரில் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் விலக வேண்டும். சுவரில் இருப்பதும் அதுதான். சிப்பின் வெப்பத்தை நிலையாக வைக்கும் குளிர்விப்பானோ, வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தும் அட்டவணையோ உள்ளே இருக்கிறதா என்று உங்கள் இன்ஜினியரிடம் கேட்டோம். "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றவர் இன்னும் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய குறை வேறு. நடைபாதையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் வண்டி சடாரென்று பிரேக் போடுகிறது. "ஏனுங்க, ஆரு குறுக்க வந்தாங்கன்னு இது நிக்குது?" என்று கார்டிங் அம்மணிகள் சிரிக்கிறார்கள். திரையில் பார்த்தால் வலப்பக்கம் 30 டிகிரியில் ஒரு தூண் தெரிகிறது. அங்கே தூண் கிடையாது. அதே தூரத்தில் இடப்பக்கம் 16 டிகிரியில் நிஜத் தூண் நிற்கிறது.

உங்கள் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். ஆன்டெனா இடைவெளி 2 மைக்ரோமீட்டர், அலைநீளம் 1550 நானோமீட்டர், பார்வைக் கோணம் 120 டிகிரி. மூன்றும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. இடைவெளி அரை அலைநீளத்தை, அதாவது 775 நானோமீட்டரைத் தாண்டினால், போதிய கோணத்துக்குத் திருப்பும்போது முதன்மைக் கற்றையோடு இன்னொரு கற்றையும் கிளம்பும் என்பது இத்துறையில் பாலபாடம். கற்றையை வலப்பக்கம் 30 டிகிரிக்குத் திருப்பினால் இரண்டாவது கற்றை இடப்பக்கம் 16 டிகிரியில் விழ வேண்டும்; அங்கே நிற்கும் நிஜத் தூணில் பட்டுத் திரும்பும் ஒளியை, வலப்பக்கமிருந்து வந்ததாகக் கருவி எடுத்துக்கொள்கிறது. சைன் அட்டவணை தெரிந்த பாலிடெக்னிக் பையன் போடும் கணக்கு. அந்த இடைவெளிக்குக் குழப்பமில்லாத பார்வை நடுவிலிருந்து இருபுறமும் 23 டிகிரி, மொத்தம் சுமார் 46. 120 என்று எதை நம்பி அச்சடித்தீர்கள்? பணம் வாங்கியது 120 டிகிரிக்குத்தானே?

இல்லாத தூணுக்கு நிற்பதால் நேரம்தான் போகிறது. இடமும் வலமும் மாறித் தெரியும் கருவியை நம்பி ஆட்கள் நடக்கும் பாதையில் வண்டி விட எனக்குத் தைரியமில்லை. வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு, கேன்களை மறுபடி ஆள் வைத்தே தள்ளுகிறோம்.

தொழிலுக்கு வாங்கிய பொருள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று உங்கள் பிரதிநிதி நினைவூட்டினார். இருக்கட்டும். விவரித்து விற்ற சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15ஆம் பிரிவில் சொல்கிறது. எங்கள் வக்கீலுக்கு அது தெரியும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், அச்சிட்ட கோணம் முழுவதும் ஒற்றைக் கற்றையோடும், 45 டிகிரி வெப்பம் வரை குறி மாறாமலும் இயங்கும் கருவிகளை மாற்றித் தர வேண்டும். இயலாதென்றால் கருவிகளை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தந்துவிடுங்கள். சோதனைப் பதிவுகளும், பென்சில் கோடுகளின் படமும், உங்கள் இன்ஜினியர் கையெழுத்திட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டின் நகலும் இணைத்துள்ளேன். பதிலைப் போனில் சொல்ல வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்